படகு அப்பாவுடையது, புரொப்பல்லர் என்னுடையது

புதன்கிழமை, காலை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அப்பாவுக்குச் சளியும் விட்டது வீறாப்பும் விட்டது, சளி மாத்திரையில் விட்டது, வீறாப்பு எதில் விட்டது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன், ஆனாலும் உன் கையெழுத்தில் வந்தால்தான் நம்புவேன், போனில் நீ சொல்கிற 'நல்லா இருக்கேம்மா' எல்லாம் என் வாயை அடைக்கச் சொல்வது என்று எனக்குத் தெரியாதா. இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ 'சரிம்மா, சரிம்மா' என்றே என்னைப் பாதியில் நிறுத்திவிடுவாய், கடிதத்திடம் எத்தனை 'சரிம்மா' சொன்னாலும் அது பாட்டுக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும். அதோடு அன்று நீ சொன்ன ஒரு வார்த்தைக்கு நான் பதில் சொல்லவில்லை. 'விட்டுடும்மா, ஒரு பொம்மைப் படகுதானே, யார் பேர் போட்டா என்ன' என்றாய். விடவில்லை. விடவும் மாட்டேன். என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன், பாதி உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் அப்பா சொல்லித் தெரிந்ததை எல்லாம் அழித்துவிட்டுப் படி.

அப்பா ரயில் நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் மைக் முன்னால் உட்கார்ந்து எந்த வண்டி எந்த மேடைக்கு வரும், எத்தனை நிமிஷம் தாமதம் என்று சொல்லி ஓய்வு பெற்றபோது, கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு ரிமோட் படகு வாங்கிக் கொடுத்தார்கள் அல்லவா, முழங்கை நீளம், சிவப்பு, பிளாஸ்டிக். அவருக்கு அதில் ஒரே ஆசை. பூங்கா ஏரியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் படகு விடுகிற சங்கத்தில் சேர்ந்தார், பதினொன்றாம் எண் கொடுத்தார்கள், அதைப் படகில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க் வாங்கியவர் மாதிரி வந்தார். நான் சும்மா துணைக்குப் போனேன். போன முதல் நாளே எனக்குத் தலைவலி, அந்தப் படகு போட்ட சத்தம் அப்படி. மற்றவர்களுக்கு அது வேகத்தின் சத்தம், எனக்கு அப்படிக் கேட்கவில்லை. பல் லேபில் முப்பத்தொரு வருஷம் சுழல்கிற சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்து பொய்ப்பல் செட்டுகளைத் தேய்த்து மெருகேற்றியவள் நான், ஒரு சக்கரம் நடுவில் ஓடுகிறதா கொஞ்சம் தள்ளி ஓடுகிறதா என்று காதிலேயே தெரிந்துவிடும், கை வைத்துப் பார்க்க வேண்டாம். வீட்டுக்கு வந்து படகைக் கவிழ்த்தேன். பின்னால் சோடா பாட்டில் மூடி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் புரொப்பல்லர், இரண்டு இறக்கை, ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் தடிப்பு, ஓரமெல்லாம் அச்சில் வார்த்தபோது நின்ற பிசிறு. இதுதான் படகையே போட்டு உதறுகிறது என்றேன். அப்பா, 'கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்' என்றார். தெரிந்துவிட்டதுதான், என்ன செய்வது.

தபாலில் பித்தளை புரொப்பல்லர் வரவழைத்தேன். முதல் தப்பு ஆசையால் நடந்தது, பெரிய புரொப்பல்லர் என்றால் பெரிய வேகம் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிவிட்டேன். இரண்டே சுற்று, மோட்டார் இஸ்திரிப் பெட்டியாகக் கொதித்தது, பேட்டரி உப்பிக்கொண்டது. வாய்க்குத் தக்க பல் வைக்காவிட்டால் வாய் மூடாது என்று தெரிந்த நானே இப்படிச் செய்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டு பழைய அளவிலேயே இன்னொன்று வாங்கினேன். கடையிலிருந்து வருவதை அப்படியே மாட்ட முடியாது, பேலன்ஸ் பார்க்க வேண்டும், அதாவது இரண்டு இறக்கையும் ஒரே கனமா என்று. இரண்டு தம்ளரைக் கவிழ்த்து, மேலே லேபிலிருந்து மிச்சம் கொண்டுவந்த ரோஸ் மெழுகை உருக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சவர பிளேடைக் கூர் மேலே பார்க்க நட்டேன். புரொப்பல்லரின் துளைக்குள் ஆடாமல் நிற்கிற எஃகுக் கம்பியைக் கோத்து அந்த இரண்டு பிளேடின் மேலும் குறுக்கே வைத்தால், கனமான இறக்கை தானாகக் கீழே போகும். அதன் முதுகில் மட்டும், தண்ணீரைத் தள்ளுகிற முகத்தைத் தொடாமல், மெல்லிய உப்புத்தாளால் நாலு இழுப்பு, மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும், மறுபடி நாலு இழுப்பு. எப்படி வைத்தாலும் வைத்த இடத்திலேயே நின்றால் சமன். பொய்ப்பல்லைவிட சுலபம், இது வலிக்கிறது என்று சொல்லாது.

இதில் நான் செய்த கூத்தைக் கேள். சாப்பாட்டு மேஜையில் சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே கடை விரித்தேன். இதைத் தேய்த்தால் அது கீழே போகிறது, அதைத் தேய்த்தால் இது கீழே போகிறது, இரண்டு பூனைக்கு நடுவில் குரங்கு பங்கு பிரித்த கதையாக இரண்டு நாள் மாற்றி மாற்றித் தேய்த்து இரண்டு இறக்கையும் காகிதமாகிவிட்டன. லேபில் ஃபேன் கிடையாது, தூசு பறக்கும் என்று போட விடமாட்டார்கள், அதனால் காற்று என்று ஒன்று இருப்பதே என் புத்தியில் ஏறவில்லை. மூன்றாம் நாள் அப்பா குளிருது என்று ஃபேனை அணைத்தார். கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது அப்படியே அசையாமல் நின்றது. நான் அவரைப் பார்த்தேன், அவர் சுவிட்சைப் பார்த்தார். கண்ணு, அந்தப் புரொப்பல்லரில் உன் அப்பாவின் பங்கு அந்த ஒரு சுவிட்ச்தான், இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும். அடுத்த புரொப்பல்லரை ஃபேன் இல்லாமல், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வியர்க்க வியர்க்க மூன்று காலை உட்கார்ந்து சமன் செய்தேன், முன் ஓரத்தைக் கூராக்கினேன், பல்லுக்குப் போடுகிற அதே மாவைப் போட்டுக் கம்பளித் துணியில் மெருகேற்றினேன், முகம் பார்க்கலாம். கட்டை விரலில் ஒரு கீறல், அவ்வளவுதான், தையல் கிய்யல் ஒன்றும் போடவில்லை, அத்தை சொன்னதை நம்பாதே. ஏரியில் விட்டபோது அப்பா ரிமோட்டை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார், மோட்டார் ஓடவில்லை என்று நினைத்து. படகு அதற்குள் நடு ஏரியில் இருந்தது. சத்தமே இல்லை.

போன மாதப் பந்தயத்தில் ரிமோட் பிடித்தது நான், ஆறு சுற்றும் நான், முதலாவதாக வந்தது நம் படகு, எல்லோர் கண்ணும் படகு மேல்தான், ரிமோட் யார் கையில் என்று ஒருவரும் பார்க்கவில்லை. கடைசிச் சுற்று முடிந்ததும் படகைக் கரையேற்ற வேண்டும், அப்பா குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், அதனால் ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முழங்கால் ஆழத்தில் இறங்கினேன். அந்த நேரம் பார்த்துச் செயலாளர் கோப்பையோடு வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான் சங்கத்துக்குச் செயலாளர், ஊருக்கெல்லாம் பார்வை சரி செய்கிறவர். நேராக அப்பாவிடம் போய்க் கை கொடுத்தார், கோப்பையைக் கொடுத்தார், 'புரொப்பல்லர் வேலை பிரமாதம் சார், எப்படி பேலன்ஸ் பண்ணீங்க' என்றார். நான் படகை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தண்ணீரில் நிற்கிறேன், பாவாடையெல்லாம் நனைந்து ஒட்டுகிறது, உன் அப்பா என்ன சொல்கிறார் தெரியுமா, அந்த ரயில் குரலில், 'ஃபேனைப் போடக் கூடாது சார், அதுதான் ரகசியம்.' எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவர் குறித்துக்கூட வைத்துக்கொண்டார். மறுவாரம் சங்கத்துப் பலகையில் தாள் ஒட்டியிருந்தது. முதல் இடம் என்று போட்டு அப்பாவின் பெயர், அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'தண்ணீரிலிருந்து படகை எடுத்தவர்: மனைவி'. எனக்குப் பெயர்கூட இல்லை.

வீட்டில் நடந்ததை எழுதினால் தாள் தீப்பிடிக்கும். அப்பா, 'அவரா வந்து கை குடுத்துட்டார், அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்றது, கோப்பை நம்ம வீட்டுக்குத்தானே வந்திருக்கு' என்றார். வந்திருக்கிறது, டிவி மேல் உட்கார்ந்திருக்கிறது, நான் அதைச் சுற்றி எல்லாவற்றையும் துடைக்கிறேன், அதை மட்டும் துடைப்பதில்லை. பிறகு நானே கண்ணாடிக் கடைக்குப் போனேன். செயலாளர் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார், ஆனால் 'பதிவேட்டுல ஏறினது ஏறினதுதாம்மா, வீட்டுக்குள்ள யார் பேர் இருந்தா என்ன, குடும்பம் ஒண்ணுதானே' என்றார். அப்படியானால் இந்தக் கடைப் பலகையில் உங்கள் மனைவி பெயரைப் போட்டுவிடுங்களேன், குடும்பம் ஒன்றுதானே என்றேன். சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கடைசியில் ஒரு வழி சொன்னார், 'சங்கத்துக்காரங்க முன்னாடி உட்கார்ந்து ஒரு புரொப்பல்லரை பேலன்ஸ் பண்ணிக் காட்டுங்க, பார்த்துட்டு யோசிக்கலாம்.' எங்கள் வீட்டுக்காரரைச் செய்து காட்டச் சொன்னீர்களா என்று கேட்டேன், எழுந்து வந்துவிட்டேன். அத்தையும் இதையே சொல்கிறாள், 'செஞ்சு காட்டிட்டுப் போயேன், உனக்கு என்ன குறைஞ்சிடும், இந்த வயசுல விளையாட்டுச் சாமானுக்குச் சண்டையா' என்று. செய்து காட்டுவது எனக்குப் பெரிய வேலையா. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். ஆனால் அவரை நம்ப ஒரு கை குலுக்கல் போதும், என்னை நம்ப ஒரு பரீட்சை வேண்டுமா. அந்தப் பரீட்சையை நான் எழுத மாட்டேன், நூறு மார்க் வரும் என்று தெரிந்தாலும் எழுத மாட்டேன்.

நடுவில் ஒன்று, மறந்துவிடுவேன், நீ கேட்ட சான்றிதழ் நகல் கிடைத்துவிட்டது, அப்பாவின் பழைய சட்டைகளுக்கு அடியில் இருந்தது, இந்தக் கடிதத்தோடு வருகிற பார்சலில் பிளாஸ்டிக் உறையில் போட்டிருக்கிறேன், கத்தரியால் அவசரமாக வெட்டித் தொலைக்காதே. சமையலறைக் குழாயும் சரியாகிவிட்டது, வாஷரை நானே மாற்றினேன், அதற்கும் யாராவது வந்து அப்பாவுக்குக் கை கொடுக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கோப்பைக் கோபம் இரண்டு வாரத்தில் தானே ஆறியிருக்கும், அன்று நீ போனில் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் ஆறவில்லை. 'என் டைம் டேபிளையே எங்க ஆபீசர் அவர் பேர்ல போட்டுக்கிட்டார், நான் என்ன சண்டையா போட்டேன், விட்டுடும்மா' என்றாய். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வருகிறவர்கள் முக்கால் மணி நேரம் பஸ்ஸுக்கு நிற்காமல் வீட்டுக்குப் போக நீ நாலு மாதம் உட்கார்ந்து போட்ட அட்டவணை அது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீயே போய் நின்று எண்ணிக்கொண்டு வந்தது, குளிரில் உன் காது அடைத்துப் போனது எனக்குத் தெரியும். அதை அவர் பெயரில் போட்டதோடு விட்டாரா, மேலதிகாரிகள் கேள்வி கேட்கும்போது அவருக்குப் பதில் தெரியாமல் நீ பின்னால் உட்கார்ந்து துண்டுச் சீட்டில் எழுதி எழுதிக் கொடுத்தாயாம். அதையும் ஒரு ஜோக் மாதிரிச் சொன்னாய். நான் போனை வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பெண் இதை யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று யோசித்தேன். வெகு தூரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

உனக்கு எட்டு வயசு, பள்ளிக்கூடம் லீவு, உன்னை லேபுக்குக் கூட்டிக்கொண்டு போய் உயர ஸ்டூலில் உட்கார வைத்தேன். முடிந்த பல் செட்டுகள் டப்பா டப்பாவாக மேஜையில் வரிசையாக இருந்தன, ஒவ்வொரு டப்பாவிலும் டாக்டரின் பெயர் அச்சடித்த சீட்டு. நீ ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, 'இதெல்லாம் நீதானே செஞ்சே, உன் பேர் எங்கம்மா' என்று கேட்டாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், 'பல்லுல யாராவது பேர் எழுதுவாங்களா' என்றேன், பக்கத்து மேஜைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தேன். உன் முகம் சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு நீ அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவே இல்லை, எங்கேயும் கேட்கவில்லை போலிருக்கிறது. எத்தனை பேர் வாயில் என் வேலை சிரித்தது என்று எனக்கே தெரியாது, நன்றி எல்லாம் டாக்டருக்கு, அது சரிதான் என்றுதான் நானும் முப்பத்தொரு வருஷம் நினைத்தேன். சரியில்லை. அன்று நான் சிரித்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எழுதிக் கொடுக்கிறேன், இந்தக் கடிதத்தை வைத்துக்கொள்.

இனி போன ஞாயிறு நடந்தது. படகு அப்பாவுடையது, நான் மறுக்கவே இல்லை, அவருக்குப் பரிசாக வந்தது. எண் அவருடையது, ரிமோட் அவருடையது, கோப்பையும் அவருடையது என்று சங்கமே சொல்கிறது. புரொப்பல்லர் என்னுடையது. சனிக்கிழமை காலை ஸ்பானரை எடுத்து நட்டைக் கழற்றி அதை உருவி, ஒரு பல் செட் டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்தேன். பழைய பிளாஸ்டிக் புரொப்பல்லரை மாட்டினேன், நட்டை இறுக்கினேன், உள்ளே ஓடுகிற கம்பிக்குக் கிரீஸ்கூடப் போட்டேன், என் மேல் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது அல்லவா. ஒளிவு மறைவு கிடையாது, அப்பாவிடம் நேராகவே சொன்னேன், உங்கள் படகை உங்களிடமே ஒப்படைத்துவிட்டேன், நாளை நீங்களே ஓட்டுங்கள் என்று. அவர் என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், 'ஓட்டுறவன் கையிலதான் எல்லாம் இருக்கு' என்றார். சாம்பியன் அல்லவா. நல்லது என்று சொல்லிவிட்டு நான் துணி காயப்போடப் போனேன்.

பதினொன்றாம் எண் என்று கூப்பிட்டதும் கூட்டமே கூடிவிட்டது, போன மாதம் மாதிரி சத்தமில்லாமல் பறக்கும் என்று. படகு கரையை விட்டதும் கேட்டது பார் ஒரு சத்தம், மிக்ஸியில் யாரோ கூழாங்கல்லைப் போட்ட மாதிரி. ஏரியில் இருந்த வாத்து எல்லாம் எதிர்க் கரைக்குப் போய்விட்டன. படகு உதறிக்கொண்டே ஒரு சுற்று, உதறிக்கொண்டே இரண்டு சுற்று, மூன்றாவதில் மேல் மூடி கழன்று தண்ணீரில் விழுந்தது, ஏழு படகில் ஏழாவது. நான் பெஞ்சில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், ஆனால் அப்பா அந்த ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றதைப் பார்த்தபோது கொஞ்சம் குறைந்தது. செயலாளர் ஓடி வந்து, 'என்ன சார் ஆச்சு, பேட்டரியா' என்றார். ஆமாம் பேட்டரிதான் என்று அவர் சொல்லியிருக்கலாம், மோட்டார் என்று சொல்லியிருக்கலாம், நான் அதைத்தான் எதிர்பார்த்தேன், அதற்குப் பதிலும் நாக்கு நுனியில் வைத்திருந்தேன்.

அப்பா ரிமோட்டைக் கீழே வைத்தார். தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பு எனக்குத் தெரியும், மைக்கைத் திறப்பதற்கு முன்னால் முப்பத்திரண்டு வருஷம் கனைத்த கனைப்பு. 'அனைவரின் கனிவான கவனத்திற்கு' என்று ஆரம்பித்தார், எதிர்க் கரை வரை கேட்டது, வாத்துகூட நின்று பார்த்தது. 'போன மாசம் ஜெயிச்ச பதினொன்றாம் எண் படகோட புரொப்பல்லரைத் தேய்ச்சது, பேலன்ஸ் பண்ணது, படகை ஓட்டினது, எல்லாம் என் மனைவி. நான் ஃபேனை அணைச்சேன். அவ்வளவுதான். இந்த அறிவிப்பு தாமதமானதுக்கு வருந்துகிறேன்.' யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, இதைச் சொல்வதில் என்ன வெட்கம். நான் அவர் மேல் வைத்திருந்த கோபம் முக்கால்வாசி அங்கேயே போய்விட்டது, கால்வாசியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், வீட்டுக்கு உதவும்.

ஆனால் செயலாளர் விடுகிறாரா, 'அதான் இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சேம்மா, பதிவேட்டை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்' என்றார். தெரிவது வேறு, எழுதுவது வேறு, எழுதுங்கள் என்றேன். எனக்குத் தனியாக ஓர் எண்ணும் வேண்டும் என்றேன். ஒரு வீட்டுக்கு ஓர் எண்தான், அதுதான் சட்டம் என்றார். சரி, அப்படியானால் ஒவ்வொரு ஞாயிறும் நான் இந்தப் பெஞ்சில் டப்பாவோடு உட்கார்ந்திருப்பேன், பதினொன்றாம் எண் படகு பிளாஸ்டிக்கில்தான் ஓடும் என்றேன். அப்பா பக்கத்தில் வந்து நின்று, 'ரொம்பச் சத்தமா இருக்கும் சார், யோசிச்சுக்குங்க' என்றார். பதிவேடு வந்தது. அப்பாவின் பெயரை அடிக்க மனசில்லாமல் கீழே திருத்தம் என்று போட்டு என் பெயரை எறும்பு எழுத்தில் எழுதினார், அவர் கடையிலேயே கண்ணாடி வாங்கினால்தான் படிக்க முடியும், ஆனால் இருக்கிறது, முழுப் பெயர். அடுத்த பக்கத்தில் எனக்கு எண் பதினேழு. அதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன்.

இப்போது உனக்கு. வரும் இருபதாம் தேதி உன் அட்டவணையின் இரண்டாம் பகுதியை உங்கள் ஆபீசர் மேலதிகாரிகளுக்கு விளக்கப் போகிறார் என்றாய், நீ பின்னால் உட்கார வேண்டுமாம். உட்காராதே. சண்டை போடச் சொல்லவில்லை, மேஜையைத் தட்டச் சொல்லவில்லை, அவர் பெயர் போட்ட தாளைக் கிழிக்கவும் சொல்லவில்லை. சீட்டு எழுதிக் கொடுக்காதே, அவ்வளவுதான். முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடு, நான் அப்பாவிடம் சொன்னேனே அது மாதிரி, இது என் வேலை, கேள்விக்கு நான் எழுந்து நின்று என் வாயால் பதில் சொல்வேன், இல்லையென்றால் நீங்களே சொல்லுங்கள் என்று. வேலைக்கு ஆபத்து வருமோ என்று பயமாக இருக்கும். எனக்குத் தெரியும், அம்மா ஏரிக்கரையில் உட்கார்ந்து வீரம் பேசுகிறாள், அவளுக்கு என்ன போச்சு என்று மாப்பிள்ளைகூட நினைக்கலாம். அந்தப் பயத்தோடு நான் முப்பத்தொரு வருஷம் இருந்தேன், வேலை போகவில்லை, நான்தான் காணாமல் போனேன். அப்பா மாதிரி உங்கள் ஆபீசரும் எழுந்து அறிவிப்பு செய்வார் என்று நான் சொல்ல வரவில்லை, செய்யாமலும் போகலாம். ஆனால் அவர் படகு எப்படி ஓடுகிறது என்று ஒரு தடவை எல்லோரும் கேட்கட்டுமே.

பார்சலில் சான்றிதழுக்குக் கீழே பஞ்சில் சுற்றி ஒரு புரொப்பல்லர் வைத்திருக்கிறேன், நல்லது இல்லை, நல்லது நான் வாங்கப் போகிற பதினேழாம் எண் படகுக்கு, இது ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து நான் காகிதமாக்கியது. ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், விரலை வைத்துப் பார்க்காதே. உன் மேஜையில் வை, எங்கிருந்தோ வருகிற காற்றுக்கு ஏற்ற மாதிரி தன்னையே தேய்த்துக்கொண்டே போனால் கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சும். என்னுடையதில் நேற்று ஒரு வேலை செய்தேன். பல் லேபின் மிகச் சின்ன ஊசியை எடுத்து, என் பெயரை அதில் பொறித்தேன். இறக்கையில் பொறித்தால் ஒரு பக்கம் கனம் குறையும், அதனால் நடுவில், துளையைச் சுற்றி வட்டமாக. ஃபேனை அணைத்துவிட்டுப் பிளேடு மேல் வைத்துப் பார்த்தேன், அப்பாவும் குனிந்து பார்த்தார், வைத்த இடத்திலேயே நின்றது, இம்மியும் அசையவில்லை. அன்று நீ ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டாயே கண்ணு, பேர் எங்கம்மா என்று. இங்கே இருக்கிறது. எழுதினால் எதுவும் சமன் கெட்டுவிடாது, நான் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி முழுவதும், அப்பாவின் ஆசியும், அவருடையதை அவரே தனியாகச் சத்தமாகச் சொல்வார். வேளைக்குச் சாப்பிடு, காதுக்குத் துணி கட்டாமல் பஸ் நிறுத்தத்தில் நிற்காதே, உள்ளங்கையில் கிரீம் போடு. இருபதாம் தேதியை மறக்காதே. அன்று என்ன நடந்தது என்று எழுது, எப்படி நடந்திருந்தாலும் எழுது, 'நல்லா இருக்கேம்மா' என்று மட்டும் எழுதாதே.

இப்படிக்கு
உன் அம்மா,
படகு எண் பதினேழு